என்னைப் பற்றி நானே விடுப்புக் கேட்டது

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எனக்கு விடுப்புக் கேட்கும் குணம் உண்டு. அடுத்த வீட்டுக்கு யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள், எப்போது போவார்கள் என்று அறியாவிட்டால் சோறு இறங்காது. மன்னாரில் இருந்தபோதும் அப்படித்தான், ஒக்லாந்துக்கு வந்து ஏழு வருடமாகியும் அப்படித்தான். ஆனால் என்னைப் பற்றியே நான் விடுப்புக் கேட்கலாம் என்பது இந்த வருடம்தான் தெரிந்தது.

நான் வேலை செய்வது ஒடாஹுஹுவில், ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை இயந்திரங்கள் தோய்த்துக் காயவைத்து அனுப்பும். அவற்றை மடிக்கும் பகுதியில் நிற்கிறேன். பின்னேரம் இரண்டரைக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும் வேலை. வீடு மாசி என்ற இடத்தில். என் மகள் ஷாமினிக்குப் பதினான்கு வயது. அவள் பள்ளிக்கூடத்தால் வரும்போது நான் வேலையில், நான் வரும்போது அவள் நித்திரை, காலையில் அவள் போகும்போது நான் நித்திரை. ஏழு வயதில் இங்கே வந்தவள். தமிழ் நன்றாக விளங்கும், வாயில் வருவது ஆங்கிலம். வார நாட்களில் நாங்கள் இருவரும் கதைப்பது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் துண்டுகளில்தான். "மீன்குழம்பு இருக்கு, சூடாக்கிச் சாப்பிடு" என்று நான் தமிழில் எழுதி ஒட்டுவேன். அவள் கீழே ஆங்கிலத்தில் "ஓகே" என்று எழுதுவாள். சில கிழமைகளாக அந்த ஓகேயும் வருவதில்லை.

அதனால் எனக்குப் பகல் வேலை வேண்டும். பகலில் நிற்பவர்கள் யாரும் இலேசில் இடத்தை விடமாட்டார்கள். எனக்கிருந்த ஒரே வழி, மடிக்கும் பகுதிக்குப் பகல் நேர சூப்பர்வைசர் ஆவது. இரண்டு தரம் அந்த இடம் காலியானது. இரண்டு தரமும் விண்ணப்பித்தேன், நேர்முகத்துக்கும் போனேன். இரண்டு தரமும் மனேஜர் கொலின், "அடுத்த முறை பார்ப்போம்" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். இரண்டாம் தரம் அந்த இடம் கிடைத்தது, விரிப்பின் மூலையை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் பழகிய ஒரு பெண்ணுக்கு. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத ஏலாது.

2

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். விலாசம், தொலைபேசி, என்ன நோய் வருத்தம் இருக்கிறது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இவைதான் கேள்விகள். படிவம் நிரப்புவது நமக்கென்ன புதிதா? மன்னாரை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்த காலத்தில் நான் நிரப்பாத படிவமா? புதிதாக இருந்தது அடியில் இருந்த பந்தி. இந்த விபரங்களை எதற்காகக் கேட்கிறோம், யார் யார் பார்ப்பார்கள், எங்கே வைத்திருப்போம் என்று எழுதியிருந்தது. உங்களைப் பற்றி நாங்கள் வைத்திருப்பதை நீங்கள் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம் என்றும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னர் இங்கே பிரைவசிச் சட்டம் என்று ஒன்று வந்ததாம். அதன்படி இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமாம்.

அந்தப் பந்தியை மூன்று தரம் வாசித்தேன். ஏன் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்கும் படிவத்தை நான் அதுவரை கண்டதேயில்லை.

பக்கத்து மேசையில் வசந்தா நின்றாள். திருச்சிக்காரி, என்னிலும் இளையவள், நல்ல வாய்க்காரி.

"வசந்தா, எங்களைப் பற்றி இவை என்ன எழுதி வைச்சிருக்கினம் எண்டு பாக்கலாமாம். நான் விடுப்புக் கேக்கப் போறன்" என்றேன்.

"விடுப்பா? எத்தனை நாளுக்கு அக்கா? ஊருக்குப் போறீங்களா?"

அவளுக்கு விடுப்பு என்றால் லீவு. எனக்கு விடுப்பு என்றால் பிறத்தியார் புதினம், ஊர்வம்பு. நாங்கள் இருவரும் ஒரே பாஷை பேசுகிறோம் என்று கொலின் நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். விளங்கப்படுத்தியதும் வசந்தா சிரித்தாள். "நல்லா பாருங்க அக்கா. என் பேரு எங்கயாவது வந்தா எனக்கும் சொல்லுங்க" என்றாள்.

வீட்டில் கதை வேறு. என் கணவர் அன்ரன் பஸ் திருத்தும் இடத்தில் வேலை செய்கிறார். எதையும் கேட்காமல் இருந்தால் எதுவும் நடக்காது என்பது அவருடைய கொள்கை.

"உமக்கென்ன விசரே? பைலைக் கேட்டால், கேட்டது எண்டதையும் அந்தப் பைலில எழுதி வைப்பினம். பேசாமல் இரும்."

"கேக்காட்டில் மட்டும் எழுதாமலோ இருக்கினம்? எழுதினது எனக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான்."

பைல் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முதுகு கூசும். கூசுவதற்குக் காரணமும் இருந்தது, ஊரில் பைலில் பெயர் ஏறினவர்களுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

3

ஊரில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்தவள். எங்கள் எல்லோருடைய பைலும் மனேஜரின் இரும்பு அலுமாரிக்குள் இருக்கும். திறப்பு அவருடைய இடுப்பில் தொங்கும். நம் பைலை நாம் பார்க்க எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் சூசை அண்ணர் இருந்தார். சங்கத்துப் பியோன். பால் விடாத ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தால் போதும், யாருடைய பைலில் புதிதாக என்ன கடிதம் ஏறியிருக்கிறது, யார் யாரைப் பற்றிப் பெட்டிசம் போட்டார்கள் என்று வரி பிசகாமல் சொல்லுவார். என்னைப் பற்றி மற்றவர்களுக்கும் அப்படியே சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும், ஆனாலும் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

அதனால்தான் இந்தப் பிரைவசி என்ற சொல் எனக்குப் பிடிபடச் சுணங்கியது. தமிழில் என்ன சொல்வது? அந்தரங்கம் என்றால் படுக்கையறை வாசம் வருகிறது. இரகசியம் என்றால் ஏதோ களவு செய்ததுபோல இருக்கிறது. தனிமை என்றால் அழுகை வருகிறது. ஷாமினி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு "பிரைவசி, அம்மா" என்று சொல்லும்போது இந்த மூன்றும் இல்லாத வேறேதோ ஒன்றைச் சொல்கிறாள். நான் அறிந்தவரையில் இதற்குக் கிட்ட வருவது, கோயிலில் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம்தான். அங்கே சொன்னதைச் சுவாமியார் வெளியே சொல்லமாட்டார். ஆனால் அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? இந்தச் சட்டம் அதையும் கேள் என்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய விருந்து என்ன வேண்டும்?

4

ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கும் டெனிஸிடம் கடிதம் கொடுத்தேன். இருபது வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அவர் ஒன்பதாம் நாளே கூப்பிட்டுவிட்டார். வேலை தொடங்க முன்னர், மதியம் ஒரு மணிக்கு அவருடைய அறையில் போய் இருந்தேன். என் பைல் ஒரு மண்ணிற மட்டை, நான் நினைத்ததைவிட மெல்லியது. ஏழு வருட வாழ்க்கை இவ்வளவுதானா என்று கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

திறந்தால் முதல் தாளே, பைலைப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதிய கடிதம். அன்ரன் சொன்னது சரிதான். இதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்தது, நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் நிரப்பிய படிவம். அதில் "நெக்ஸ்ட் ஒஃப் கின்" என்று ஒரு கேள்வி. ஆபத்து வந்தால் யாருக்கு அறிவிப்பது என்பதற்காக ஒரு ஆளின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். நான் அடுத்தடுத்த உறவினர் என்று விளங்கிக்கொண்டு, இடம் போதாமல் தனித்தாள் இணைத்து, வயது வரிசையில் பதினொரு பேரை விலாசத்தோடு எழுதியிருந்தேன். மன்னார், மடு, திருச்சி அகதி முகாம், ரொறன்ரோ. யாரோ மேலே பென்சிலால் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருந்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. மூன்றாவது பெயரில் கண் பட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. சின்னண்ணர். அதை எழுதும்போது அவர் உயிரோடு இருந்தார்.

டெனிஸ் என் முகத்தைப் பார்த்தாரோ தெரியாது. "இவ்வளவு பேருடைய விபரம் எங்களுக்குத் தேவையில்லை. தேவையில்லாததை நாங்கள் வைத்திருக்கக் கூடாது. அழித்துவிடவா, உங்களிடமே தரவா?" என்று கேட்டார்.

"தாருங்கள்" என்றேன். வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அண்ணரின் பெயரைக் காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குள் போடுவதை நினைக்கவே பிடிக்கவில்லை.

பிறகு ஒரு தாளை டெனிஸ் எடுத்துக் கவிழ்த்து வைத்தார். நான் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து வந்த நற்சான்றுக் கடிதமாம். வெளியே காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்து வாங்கியதால், சட்டமே அதைக் காட்டாமல் வைத்திருக்க விடுகிறதாம். எனக்குக் கை துறுதுறுத்தது. சூசை அண்ணர் மட்டும் ஒக்லாந்தில் இருந்திருந்தால்!

கடைசியில்தான் நான் தேடிவந்தது இருந்தது. இரண்டாம் நேர்முகத்தின்போது கொலின் கைப்பட எழுதிய குறிப்பு. கேள்வி ஒரு பக்கம், என் பதில் மறுபக்கம். அடியில் அவருடைய முடிவு. அதை என் தமிழில் தருகிறேன்: "வேலை நன்றாகத் தெரியும். ஆனால் தயங்குகிறார். எதைக் கேட்டாலும் 'அம்' என்கிறார். பொறுப்பு எடுக்க இன்னும் தயாரில்லை."

அம் என்பது இங்கத்தையவர்கள் பதில் தெரியாமல் இழுக்கும்போது விடும் சத்தம். என் பதில்கள் இருந்த பக்கத்தில் ஏழு இடத்தில் அந்த அம் இருந்தது.

நான் தயங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நிமிர்ந்திருந்து பதில் சொன்னேன் என்றுதான் அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அப்படியென்றால் என் வாய் எனக்குத் தெரியாமல் அம், அம் என்று இழுத்ததா? ஒரு பிரதி தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போய் வேலையில் நின்றேன். அம் வந்துவிடுமோ என்று அன்று பின்னேரம் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. வசந்தா இரண்டு தரம் என்னவென்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

5

சனிக்கிழமை காலை அந்தப் பிரதியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாமினி கோர்ன்பிளேக்ஸ் கோப்பையோடு வந்து, கேளாமல் எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். அவளுடைய கடிதத்தை நான் தொட்டால் வீடு இரண்டாகும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் அவள் அதற்குள் சத்தமாகவே வாசித்துக்கொண்டிருந்தாள். கேள்விகளை ஒரு மனேஜரின் குரலில் வாசித்தாள்.

"'உங்கள் சிநேகிதிகள் பிழைவிட்டால் கண்டிப்பீர்களா? அம். அவசரமென்றால் சனிக்கிழமையும் வருவீர்களா? அம், அம், ஒஃப் கோர்ஸ்.'"

அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"ஹூ சேய்ஸ் தட்?" என்றாள். "நோபடி சேய்ஸ் அம், அம், ஒஃப் கோர்ஸ்."

"எனக்கென்ன தெரியும்? அந்தாள் அப்பிடி எழுதி வைச்சிருக்கு."

அவள் மறுபடி வாசித்தாள், இந்த முறை மெதுவாக. பிறகு கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு, ஒரு கையைக் காதோடு சேர்த்து, நான் தொலைபேசியில் கதைக்கும்போது செய்வதுபோலத் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். "ஓம். ஓம், ஓம், ஒஃப் கோர்ஸ். அம்மா, தட்ஸ் யூ!"

நான் தாளைப் பறித்தேன். ஏழு இடத்திலும் விரலை வைத்து, அம் இருந்த இடத்தில் ஓம் போட்டு வாசித்தேன். சிநேகிதிகளைக் கண்டிப்பீர்களா? ஓம். இயந்திரம் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியுமா? ஓம். இந்தப் பொறுப்பு உங்களுக்கு வேண்டுமா? ஓம்.

அதுதான், அந்தக் கடைசிக் கேள்விக்குக்கூட. நெஞ்சைத் தொட்டு நான் சொன்ன ஓமை அந்த மனுசன் தயக்கம் என்று எழுதிவிட்டார். ஆங்கிலம் கதைக்கும்போதும் ஆமோதிப்பது மட்டும் எனக்குத் தமிழில்தான் வருகிறது. ஏழு வருடமாக எனக்கே அது தெரியாது. நான் சிரிக்கத் தொடங்கி, அது அழுகையாகப் போய், அன்ரன் குளியலறையிலிருந்து பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார்.

திங்கட்கிழமை வசந்தாவிடம் சொன்னபோது அவள் ஒரு விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "நல்லவேளை அக்கா, நாங்க ஆமான்னு சொல்றோம். அதை இவங்க என்னன்னு எழுதி வச்சிருக்காங்களோ" என்றாள். அடுத்த கிழமை அவளும் பைல் கேட்டுக் கடிதம் கொடுத்தாள்.

6

திருத்தச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். சங்கத்தில் பழகிய ஆங்கிலம் தானாக வந்தது. "மிகவும் தாழ்மையுடன் தங்களுடைய மேலான கவனத்துக்குச் சமர்ப்பிப்பது யாதெனில்" என்ற மாதிரியில் அரைப்பக்கம். ஷாமினி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"அம்மா, வை ஆர் யூ பெகிங்? யூ டிட் நதிங் ரோங்."

"பெரிய ஆக்களுக்கு இப்பிடித்தான் எழுத வேணும்."

"நோ" என்று சொல்லிப் பேனையை வாங்கினாள். அவள் வெட்டி வெட்டி மிஞ்சியது நான்கு வரி. இந்தக் குறிப்பில் அம் என்று எழுதியிருக்கும் ஏழு இடத்திலும் நான் சொன்னது ஓம். அது என் மொழியில் யெஸ். நான் எந்தக் கேள்விக்கும் தயங்கவில்லை. தயவுசெய்து திருத்தவும். அந்தத் தயவுசெய்துவைக் காப்பாற்ற நான் கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது.

டெனிஸ் கடிதத்தை என் முன்னாலேயே இரண்டு தரம் வாசித்தார். பிறகு கொலினோடு கதைத்து, மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார். கொலினின் குறிப்பை மாற்ற முடியாதாம். அன்று அவர் காதில் விழுந்தது அதுதானாம். ஆனால் என்னுடைய தாளை அதே குறிப்போடு சேர்த்து இணைக்க வேண்டுமாம். இனி அதை எடுத்து வாசிப்பவர் இதையும் வாசிக்காமல் இருக்க முடியாது.

"அவர் பிழையாகக் கேட்டிருக்கிறார்" என்றேன்.

"ஓமோம், கேட்டது பிழை. ஆனால் அப்படித்தான் கேட்டது என்பது பிழையில்லை" என்ற மாதிரிச் சொன்னார் டெனிஸ். ஓமோம் நான் போட்டது, அவர் சொன்னது யெஸ்.

எனக்கு எரிச்சல்தான். அழித்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? கார் ஓடிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சட்டத்தோடு வாதாடினேன். வீட்டு வாசலுக்கு வரும்போது எரிச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. ஊரில் என்னைப் பற்றி யாரோ எழுதியதற்குப் பக்கத்தில், இல்லை, அது அப்படியில்லை என்று நான் எழுதிய தாளை ஒருவரும் இணைத்ததில்லை. இங்கே ஒரு சின்ன இரும்புக் கம்பி இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

7

என்னிடம் பழகிய அந்தப் பெண் புருஷனோடு பிறிஸ்பேனுக்குப் போகிறாள் என்று அறிவிப்பு வந்தது. இடம் மூன்றாம் தரம் காலி. நான் விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு முந்திய கிழமை முழுக்க மாசியிலிருந்து ஒடாஹுஹு வரைக்கும் காருக்குள் யெஸ், யெஸ் என்று சொல்லிப் பழகினேன். சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

அறைக்குள் கொலினும் டெனிஸும் இருந்தார்கள். முதல் கேள்வி அதே பழைய கேள்வி.

"உங்கள் சிநேகிதிகள் பிழைவிட்டால் கண்டிப்பீர்களா?"

"ஓம்" என்றேன்.

ஒரு கிழமைப் பழக்கமும் போன இடம் தெரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கொலினின் பேனை தாளுக்கு மேலே நின்றது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் தலையை நிமிர்த்தினார்.

"ஜசிந்தா, இது உங்களுடைய 'ஓம்'மா, எங்களுடைய 'அம்'மா?"

"என்னுடையது" என்றேன்.

அவர் எழுதினார். சங்கத்து மேசையில் மனேஜருக்கு முன்னால் இருந்து, தாளைத் தலைகீழாக வாசிக்கப் பழகியவள் நான். யெஸ் என்றுதான் எழுதினார். அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கு எத்தனை ஓம், எத்தனை யெஸ் என்று நான் கவனிக்கவில்லை. கதைக்கத்தான் நேரம் சரியாக இருந்தது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. பகல் வேலை, காலை ஆறு தொடங்கி இரண்டரை வரை, மடிக்கும் பகுதி, சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை கிடைத்ததை வேண்டுமென்றே ஷாமினிக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். முதல் பகல் வேலை நாளான திங்கட்கிழமை மூன்றேமுக்காலுக்கு அவள் கதவைத் திறந்து வந்தபோது நான் குசினியில் மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டு நின்றேன். பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றாள்.

"ஆர் யூ சிக்?"

"இல்லை. எனக்குப் பகல் வேலை கிடைச்சிட்டுது."

"ஸோ யூவில் பி ஹோம்? எவ்ரி டே?"

அது சந்தோஷமா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஏழு வருடத்தில் நான் அறியாத ஒரு பின்னேரம் அவளுக்கு இருந்திருக்கிறது. அதில் யார் தொலைபேசி எடுப்பார்கள், எதைப் பார்த்துச் சிரிப்பாள், எதற்கு அழுவாள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.

"ஓம்" என்றேன்.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, தன் அறைக்குப் போகாமல், கதிரையை இழுத்துக் குசினி மேசையிலேயே இருந்து, தன் பள்ளிக்கூடக் கொப்பியைத் திறந்தாள்.